தூண்டிலில் பிடித்த கடல் மீனைச் சாப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கடற்கரையின் தூண்டில் வளைவுப் பாறைகளிலும், முட்டுக்காடு, பழவேற்காடு முகத்துவாரங்களிலும் தூண்டில் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பிடித்ததை என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். நாமே பிடித்த மீன் கடையில் வாங்கிய மீனைவிட மோசமாக இருந்தது என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. அப்படி ஆக வேண்டிய காரணமே இல்லை. கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே வைத்திருக்கிறேன்.

தூண்டிலில் விழுகிற கடல் மீன்களில் சாப்பிட எது சிறந்தது? ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

கிழங்கான். வஞ்சிரம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். கிழங்கான் மணல் கரையில் நிற்கிற எவருக்கும் கிடைக்கும், படகு வேண்டாம், விலை உயர்ந்த ரீல் வேண்டாம். மணலில் உள்ள புழுக்களையும் சிறு இறால் வகைகளையும் தின்று வளர்வதால் சதை வெள்ளையாக, மெல்லிய இனிப்போடு இருக்கும். ஒரு சாண் நீள மீனை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதில் சுரண்டி, குடல் எடுத்து, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு மட்டும் தடவிப் பொரித்துப் பாருங்கள். வால் நுனி அப்பளம் போல நொறுங்கும். நடுமுள்ளைப் பிடித்துத் தூக்கினால் சதை இரண்டு பக்கமும் தனியாக வந்துவிடும்.

குழம்புக்கு என்றால் என் வரிசை வேறு: செப்பிலி, விளமீன், கொடுவா, களவா. வறுக்க வஞ்சிரமும் பாறையும். ஆனால் எந்த இனம் என்பது பாதி விஷயம்தான். மீதிப் பாதி, தூண்டில் முள்ளிலிருந்து கழற்றிய முதல் அரைமணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது. கீழே வரும் பல பதில்கள் அதைப் பற்றியவையே.

கரையில் நின்று போட்டால் வஞ்சிரம் கிடைக்காதா?

மிக அரிது. வஞ்சிரம் திறந்த கடலில் நெத்திலி, மத்திக் கூட்டங்களைத் துரத்தி ஓடுகிற மீன். அதற்கும், சூரைக்கும், கடல்விராலுக்கும், பெரிய பாறைக்கும் படகில்தான் போக வேண்டும்.

கரையிலிருந்து கிடைப்பவற்றைக் குறைவாக நினைக்காதீர்கள். மணல் பகுதியில் கிழங்கான், கத்தாழை. கற்கள் கொட்டிய இடத்தில் செப்பிலி, சிறு களவா, ஓரா. முகத்துவாரத்தில் கொடுவா, காலா, மடவை. நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் முகத்துவாரத்தில் நீவாடு, அதாவது நீரோட்டம், வலுக்கும், அந்த ஓட்டத்தில் சிறுமீன் அடித்துவரப்படும் இடத்தில் கொடுவா காத்துக்கொண்டிருக்கும்.

நான் சீலா என்று சொல்வது ஒரு மீன், தூத்துக்குடிக்காரர் காட்டுவது வேறு மீன். யார் சொல்வது சரி?

இருவரும் சரிதான். சென்னையில் சீலா என்பது நீண்ட தாடையும் கோரைப்பல்லும் கொண்ட மீன், தெற்கே அதற்கு ஊளி என்று பெயர். தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றால் வஞ்சிரம். குமரியில் அதுவே நெய்மீன், யாழ்ப்பாணத்தில் அறக்குளா. இந்தப் பக்கத்தில் வஞ்சிரம், ஊளி என்ற பெயர்களையே பயன்படுத்துகிறேன்.

பிடித்த மீனை வாளியில் கடல் நீர் விட்டு உயிரோடு வைத்திருந்தால் போதாதா?

போதாது. வெயிலில் இருக்கும் வாளியில் நீர் சீக்கிரம் சூடாகும், உயிர்வளி தீர்ந்துபோகும். மீன் துள்ளித் துள்ளி, மூச்சுத் திணறி, மெதுவாகச் சாகும். அப்படித் துடித்துச் சாகும் மீனின் தசையில் அமிலம் சேர்கிறது. சேமித்து வைத்திருந்த சத்தெல்லாம் செலவாகிவிடுகிறது. செத்தபின் உடலில் வரும் விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் போய்விடும், சதை குழைந்துவிடும். செவுளில் கயிறு கோத்துத் தண்ணீரில் தொங்கவிடுவதும் இதே கதைதான், கூடவே நண்டும் வந்து கடிக்கும்.

சாப்பிட வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டால் உடனே கொன்றுவிடுங்கள். கண்களுக்குச் சற்றுப் பின்னால், தலை உச்சியில், கட்டையால் பலமாக ஒரே அடி. மீனுக்கும் அதுதான் கருணை, சதைக்கும் அதுதான் நல்லது.

ரத்தம் வடிக்க வேண்டும் என்கிறார்களே, எல்லா மீனுக்குமா? எப்படி?

கிழங்கான் போன்ற சிறு மீனுக்குத் தேவையில்லை, நேராக ஐஸில் போடுங்கள். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாறை, வஞ்சிரம், ஊளி, கொடுவா ஆகியவற்றுக்குச் செய்தால் வித்தியாசம் வாயில் தெரியும். சூரைக்குக் கட்டாயம். சூரையின் சதையில் ரத்தம் மிக அதிகம், வடிக்காவிட்டால் கறுத்து, இரும்பு வாடை அடிக்கும்.

தலையில் அடித்து மயங்கச் செய்தவுடன், செவுள் மூடியைத் தூக்கி, செவுள் தொண்டையோடு சேரும் அடிப்பகுதியை இரண்டு பக்கமும் கத்தியால் வெட்டுங்கள். இதயம் இன்னும் கொஞ்ச நேரம் துடிக்கும், அதுவே ரத்தத்தை வெளியே தள்ளிவிடும். கடல் நீர் உள்ள வாளியில் தலைகீழாக நிறுத்துங்கள். முதலில் நீர் கருஞ்சிவப்பாகும். ஒரு முறை நீரை மாற்றுங்கள். பத்து நிமிடத்துக்குள் செவுள் வெளிறி, ரத்தம் கசிவது நின்றுவிடும். அப்போது எடுத்து ஐஸில் வைக்கலாம். செத்து வெகுநேரம் ஆன மீனை வெட்டினால் ஒன்றும் வராது, ரத்தம் உறைந்து தசையிலேயே தங்கியிருக்கும்.

ஐஸ் எவ்வளவு எடுத்துப் போக வேண்டும்?

நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். பத்து கிலோ பிடிப்போம் என்ற கனவில் பத்து கிலோ சுமக்க வேண்டியதில்லை, நடைமுறைக்கு ஏற்பக் கணக்கிடுங்கள். ஐஸ் தீர்ந்துவிட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுவது என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நொறுக்கிய ஐஸே நல்லது. பெரிய கட்டி மீனின் உடலைச் சரியாகத் தொடாது, கூர்முனை சதையை நசுக்கும். வேகமாகக் குளிர வேண்டுமானால் இரண்டு பங்கு ஐஸுடன் ஒரு பங்கு கடல் நீர் கலந்து, அந்தக் கூழில் மீனை முழுக அமிழ்த்துங்கள். உப்பு கலந்திருப்பதால் அந்த நீர் பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே போகும், மீனை எல்லாப் பக்கமும் தழுவிக் குளிர்விக்கும். குடல் எடுத்து, வெட்டிய மீனாக இருந்தால் உருகிய நீரில் ஊறவிடாதீர்கள், ருசி கரைந்துபோகும். பெட்டியின் அடியில் நீர் வடிய வழி இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் வெட்டலாமா? மீன் கட்டை போல விறைத்துக் கிடக்கிறதே?

குடலையும் செவுளையும் உடனே எடுத்துவிடுங்கள். சதையைத் துண்டு போடுவதற்குப் பொறுத்திருங்கள். விறைப்போடு வெட்டினால் துண்டு சுருங்கி, சதை பிளந்து, சாறு வடிந்துவிடும். ஐஸில் வைத்துக் காலையில் வெட்டினால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். ஐஸில் ஒழுங்காக இருந்த மீன் ஒரு நாள் கழித்து இன்னும் ருசியாக இருக்கும். "புதுமீன்" என்றால் துடிக்கத் துடிக்கச் சட்டிக்குப் போவது என்ற எண்ணம் பெரிய மீன்களுக்குப் பொருந்தாது.

நன்றாகக் கொதிக்க வைத்தால் கெட்டதெல்லாம் போய்விடாதா?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தைத் தொகுத்தேன் என்றால் மிகையில்லை. போகாது. சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இயல்பாகவே நிறைய உண்டு. மீன் வெப்பத்தில் கிடக்கும்போது, செவுளிலும் குடலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. உருவான பிறகு ஹிஸ்டமின் குழம்பில் கொதித்தாலும் அழியாது, எண்ணெயில் பொரித்தாலும் அழியாது, உறையவைத்தாலும் அழியாது, கருவாடாக்கினாலும் அழியாது. புளியும் மிளகாயும் வாடையை மறைக்கும், அவ்வளவுதான்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் சிவந்து சூடாகும். தலைவலி, படபடப்பு, உடம்பில் தடிப்பு, சில நேரம் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். நாக்கில் மிளகு கடித்தது போன்ற எரிச்சலும் உண்டு. பலர் இதை "எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது" என்று வாழ்நாள் முழுவதும் ஒதுக்கிவிடுகிறார்கள். மீன் பல நேரம் நிரபராதி, வெயிலில் கிடந்த மணிக்கணக்குதான் குற்றவாளி. பெரும்பாலும் தானே தணிந்துவிடும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மீனை 4 டிகிரிக்குக் கீழே வைத்திருப்பதுதான் தடுக்கும் வழி. முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது, நாற்றம் வருவதற்கு முன்பே ஹிஸ்டமின் சேர்ந்திருக்கலாம். படகின் தளத்தில் பாதி நாள் கிடந்த சூரையை யாராவது அன்போடு கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

முரல் மீனின் எலும்பு பச்சையாக இருக்கிறதே, விஷமா?

இல்லை. பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி எலும்பில் படிவதால் அப்படி. சமைத்தாலும் பச்சை போகாது, உடம்புக்குக் கெடுதலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் முரல் சொதிக்கு இருக்கும் மதிப்பே வேறு.

வெட்டும்போது சதைக்குள் புழு இருந்தது. முழு மீனையும் தூக்கி எறிந்துவிட்டேன். சரிதானே?

எறிந்திருக்க வேண்டாம். கடல் மீன்களில், முக்கியமாகப் பிற மீன்களைத் தின்று வளரும் பெரிய மீன்களில், புழு இயல்பு. புழு உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு நன்றாக வேகவைத்தால் போதும். துண்டின் நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட்டால் புழு உயிரோடு இருக்காது. நம் குழம்பும் வறுவலும் அதைத் தாராளமாகத் தாண்டிவிடும். பச்சையாகச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் -20 டிகிரியில் 7 நாட்கள் உறையவைக்க வேண்டும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பல நேரம் அந்த அளவுக்குப் போகாது. ஆகவே வீட்டில் பச்சை மீன் வேண்டாம் என்பதே என் கருத்து.

மீன் குடலில் இருக்கும் புழுக்கள் மீன் செத்தபின் சதைக்குள் நகர்வது உண்டு. குடலை உடனே எடுக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

அடையாறு முகத்துவாரத்திலும் எண்ணூரிலும் கொடுவா நன்றாக விழுகிறது. சாப்பிடலாமா?

நான் சாப்பிட மாட்டேன். அடையாறும் கூவமும் நகரத்தின் கழிவுநீரைச் சுமந்து வந்து கடலில் சேர்கின்றன. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெயும் பரவியது. கன உலோகங்களும் எண்ணெய்ப் பொருட்களும் ஐஸ் வைப்பதாலோ வேகவைப்பதாலோ போகிறவை அல்ல. அந்தக் கழிமுகத்தை நம்பி வாழும் மீனவக் குடும்பங்களுக்கு நேர்ந்தது பெரிய அநீதி. நமக்காவது வேறு இடத்துக்குப் போகும் வசதி இருக்கிறது.

பிடித்துப் பார்க்கும் ஆசைக்காகப் போகிறீர்கள் என்றால் மீனைக் கவனமாக விட்டுவிடுங்கள். சாப்பிடப் பிடிப்பது என்றால் நகரத்தை விட்டுத் தள்ளிப் போங்கள்.

பேத்தை மீனைத் தோலுரித்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறாரே ஒருவர்?

அவரிடமிருந்து அதைப் பிடுங்கி எறியுங்கள். பேத்தையின் ஈரல், சினை, பல இனங்களில் தோலும்கூட டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சைக் கொண்டவை. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு தசைகள் செயலிழக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது, வேகவைத்தாலும் நஞ்சு அழியாது. எந்தப் பகுதி எந்த இனத்தில் பாதுகாப்பு என்று கரையில் நின்று யாராலும் சொல்ல முடியாது. தூண்டிலில் வந்து வயிற்றை ஊதிக்கொண்டால் முள்ளைக் கழற்றிக் கடலில் விட்டுவிடுங்கள். நாய், பூனைக்கும் போடாதீர்கள்.

ஓரா முள் குத்தி உயிர் போகிற வலி. என்ன செய்ய வேண்டும்?

வெந்நீர். கை பொறுக்கிற சூட்டில், சுமார் 45 டிகிரி, குத்திய இடத்தை அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை அமிழ்த்தி வையுங்கள். வலியில் சூடு தெரியாமல் போகும், அதனால் குத்தாத கையால் நீரைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓரா, கெளுத்தி, திருக்கை ஆகியவற்றின் நஞ்சு புரத வகை, சூட்டில் வீரியம் குறையும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ, மார்பு, வயிற்றுப் பகுதியில் குத்தியிருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

நஞ்சு முள்ளில்தான், சதையில் இல்லை. ஓராவின் துடுப்பு முட்களைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுச் சமைத்தால் அருமையான மீன். பாசி தின்னும் மீன் என்பதால் குடலை உடனே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் குழம்பில் பாசி வாடை ஏறும்.

சிறு சுறா பிடித்தேன், சமைக்கும்போது ஒரே கார நெடி. கெட்டுப்போனதா?

சுறாவும் திருக்கையும் தங்கள் ரத்தத்திலும் தசையிலும் யூரியாவைச் சேர்த்து வைத்திருப்பவை. செத்தபின் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன. உடனே ரத்தம் வடித்து ஐஸில் வைத்தால் நெடி வராது. வந்துவிட்டால் அது தாமதத்தின் அடையாளம்.

ஆனால் சுறாவை விட்டுவிடுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன். ஆண்டுக்கு ஒரு சில குட்டிகளே போடும் இனங்கள் அதில் நிறைய. பிள்ளை பெற்ற தாய்க்குப் புட்டு செய்ய என்றால் சந்தையில் கிடைக்கும் சிறிய பால்சுறா போதும்.

எவ்வளவு பெரிய மீனோ அவ்வளவு நல்லது இல்லையா?

புகைப்படத்துக்கு நல்லது. சட்டிக்கு நடுத்தர மீனே நல்லது. பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் வயதோடு சேர்ந்துகொண்டே போகிறது. சுறா, மயில்மீன், மிகப் பெரிய வஞ்சிரம் ஆகியவற்றைக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்காமல் இருப்பது நல்லது. பவளப்பாறை சார்ந்த பெரிய களவா, செப்பிலி, ஊளி ஆகியவற்றில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேர வாய்ப்பு உண்டு. அதற்கு வாடை, சுவை ஏதும் இல்லை, சமைத்தாலும் போகாது. தலையிலும் ஈரலிலும் சினையிலும் அதிகம் தங்கும் என்பதால் பவளப்பாறையில் வாழும் பெரிய மீன்களின் அந்தப் பகுதிகளை நான் தொடுவதில்லை.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். 5 கிலோவைத் தாண்டிய கொடுவா பெரும்பாலும் பெண், ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டை இடக்கூடியது. களவாவில் நேர்மாறு: முதலில் பெண், பெரிதானபின் ஆண். இரண்டிலும் மிகப் பெரியதை எடுத்தால் ஒரு பாலினத்தையே அந்த இடத்திலிருந்து துடைத்துவிடுகிறோம். என் வழக்கம், கொடுவாவில் ஒன்றரை முதல் மூன்று கிலோவரை உள்ளதை வைத்துக்கொள்வது. அதற்குச் சிறியதும் பெரியதும் தண்ணீருக்கே.

தடைக்காலத்தில் தூண்டில் போடலாமா?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். குமரியின் மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. முன்பு 45 நாட்களாக இருந்தது 2017இல் 61 ஆனது. இந்தத் தடை விசைப்படகுகளுக்கானது, கரையிலிருந்து தூண்டில் போடுவதைத் தடுக்கவில்லை. படகு அமர்த்திப் போவதாக இருந்தால் அந்தப் படகு எந்த வகை என்று உள்ளூர் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

சட்டம் அனுமதித்தாலும், சினையோடு வரும் மீனை அந்த நாட்களில் விட்டுவிடுங்கள். விசைப்படகுத் தொழிலாளர்கள் இரண்டு மாதம் வருமானம் இழந்து காத்திருப்பது அந்தச் சினைக்காகத்தான்.

பிடித்தாலே குற்றம் என்று ஏதாவது மீன் இருக்கிறதா?

உண்டு. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் திமிங்கிலச் சுறா, கடல்குதிரை, வேளா எனும் வாள்சுறா ஆகியவற்றோடு ராட்சதக் களவாவும் சேர்க்கப்பட்டது. தூண்டிலில் வரக்கூடியது அந்தக் களவாதான். இனம் உறுதியாகத் தெரியாத மிகப் பெரிய களவா வந்தால் தண்ணீரிலிருந்து தூக்காமலேயே தூண்டில் நரம்பை வெட்டிவிடுங்கள்.

இடத்தையும் பாருங்கள். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் அதில் அடங்கும். அங்கே தூண்டிலும் கூடாது.

ஆழத்திலிருந்து இழுத்த களவாவைத் திருப்பி விட்டேன், மல்லாந்து மிதந்தது. விட்டதில் என்ன பயன்?

கசப்பான கேள்வி, ஆனால் கேட்க வேண்டியதே. ஆழத்தில் நீரின் அழுத்தம் அதிகம். வேகமாக மேலே இழுக்கும்போது மீனின் காற்றுப்பை விரிந்து, வயிற்றை வாய்வழியாக வெளியே தள்ளிவிடும். அந்த நிலையில் மீனால் கீழே நீந்திப் போக முடியாது, பருந்தோ வெயிலோ அதை முடித்துவிடும்.

ஈயக்குண்டு கட்டிய, முனை மழுங்கிய கொக்கியைத் தாடையில் மாட்டி மீனை மீண்டும் ஆழத்துக்கு இறக்கிவிட்டால் காற்றுப்பை சுருங்கிவிடும், பல மீன்கள் பிழைத்துக்கொள்ளும். அடித்தளத்தில் நரம்பைச் சுண்டினால் கொக்கி கழன்றுவிடும். வாயிலிருந்து வெளியே தெரியும் வயிற்றைக் கத்தியால் குத்தாதீர்கள், அது காற்றுப்பை அல்ல. ஆழமான இடத்தில் களவா பிடிப்பவர்கள், வேண்டியது கிடைத்ததும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். சிறியதை விடுவோம், பெரியதை எடுப்போம் என்று அங்கேயே நின்றுகொண்டு தொடர்ந்து இழுத்தால், விட்டவையும் சேர்த்தே சாகும். அரை கிலோ களவா ஒன்று மிதக்க ஆரம்பித்து, கீழே இறக்கும் கருவியும் கையில் இல்லை என்றால், அது சட்டம் அனுமதிக்கும் இனம்தான் என்று உறுதி செய்துகொண்டு ஐஸில் போடுங்கள். அன்றைய குழம்புக்கு அது போதும்.